35 ஆண்டுச் சிரசாசனமும் கண் பிரஷரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

(சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதியது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.)

பின்னணி

அவருக்கு அப்போது 62 வயது. மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஒல்லியான, முறுக்கேறிய உடம்பு. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. 27 வயதில் சொந்த ஊரில் ஓர் ஆசிரியரிடம் யோகாசனம் கற்றார். அந்த ஆசிரியர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் சொல்லிக்கொடுத்த வரிசையை ஒரு நாள்கூட மாற்றாமல் 35 வருடம் செய்துவந்திருக்கிறார்.

அந்த வரிசை: விடிகாலை ஐந்து மணிக்கு 12 சுற்று சூரிய நமஸ்காரம். பச்சிமோத்தாசனம், சர்வாங்காசனம் ஐந்து நிமிடம், ஹலாசனம், மச்சாசனம். பிறகு சிரசாசனம் பத்து நிமிடம். அப்புறம் கபாலபாதி, அதாவது மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது. கடைசியில் 1:4:2 கணக்கில் நாடிசுத்தி, அதாவது ஐந்து எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, 20 எண்ணும் வரை அடக்கி, பத்து எண்ணி விடுவது.

படிக்கும் கண்ணாடியை மாற்றிக்கொள்ளக் கண் மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் வலதில் 24, இடதில் 27. பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கலாம். அழுத்தம் கூடுதலாக இருந்ததோடு, பார்வை நரம்பும் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருந்தது. பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்ட் டெஸ்டில் இடது கண்ணின் கீழ்ப்பக்கப் பார்வையில் ஒரு வளைவு அளவுக்கு மங்கல். அவருக்கு அது தெரியவே இல்லை. ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மூடிமறைத்துவிடும். கிளாகோமா என்கிற கண்ணழுத்த நோயில் பெரும்பாலும் வலியும் இருக்காது, சிவப்பும் இருக்காது. போன பார்வை திரும்பி வராது; மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

தினமும் இரவு கண்ணில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் அழுத்தம் 17, 18-க்கு இறங்கியது. மருத்துவர் சீட்டின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம்.

அந்த வரிதான் அவரை என்னிடம் கொண்டுவந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அவருடைய மகள் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதல் சந்திப்பில் பார்த்தது

நான் சென்னையில் ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறவன். முதல் நாள் ஆசனம் எதையும் மாற்ற மாட்டேன். வழக்கமாகச் செய்வதைச் செய்யச் சொல்லிப் பார்ப்பேன், தடுக்க வேண்டியதை மட்டும் தடுப்பேன்.

உடம்பு அபாரமாக வளைந்தது. மூச்சு அப்படியில்லை. குனியும்போதெல்லாம் மூச்சை அடக்கினார். புஜங்காசனத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. 35 வருடப் பழக்கத்தில் ஆசனம் மெருகேறியிருந்தது, மூச்சு எங்கோ வழியில் தங்கிவிட்டிருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டாம் நாள் வந்திருக்க மாட்டார்.

அவர் கேட்டது இரண்டே கேள்விகள். "இது சிரசாசனத்தாலதான் வந்துதா மாஸ்டர்?" அதற்கு நேர்மையான பதில், சொல்ல முடியாது என்பதுதான். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் சிரசாசனம் செய்கிற 75 பேரின் கண்ணழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். ஆசனத்தில் நிற்கும்போது அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கு ஆனது; நிற்கும்வரை குறையவில்லை. ஆனால் அந்த 75 பேரில் சாதாரண நேரத்தில் கண்ணழுத்தம் கூடுதலாக இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இல்லை. சிரசாசனம் செய்துவந்தவர்களுக்குக் கிளாகோமா முற்றியதாகத் தனிப்பட்ட நோயாளிகளின் பதிவுகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. அவருடைய அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் பார்வை போயிருக்கிறது. அப்போது சர்க்கரை என்று சொன்னார்களாம். ஆக, காரணம் எது என்று விரல் நீட்ட வழியில்லை. நரம்பு ஏற்கெனவே நைந்திருக்கும் கண்ணில் தினமும் பத்து நிமிடம் அழுத்தத்தை இரட்டிப்பாக்குவது புத்திசாலித்தனம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டாவது கேள்வி: "குரு சொன்னதை மாத்தலாமா?"

நான் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரைச் சொன்னேன். 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களைத் துள்ளவும் பாயவும் வைத்துக் கற்பித்தவர், 1952-ல் சென்னைக்கு வந்தபின் நோயாளிகளுக்கு மூச்சோடு கையைத் தூக்கி இறக்குவதையே ஆசனமாகக் கொடுத்தார். அவரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸ், ஐயங்கார், மகன் தேசிகாச்சார் மூவரும் சொல்லிக்கொடுத்தது மூன்று விதம். ஆளுக்கும் வயதுக்கும் ஏற்பப் பயிற்சியைப் பொருத்துவதை விநியோகம் என்று அந்த வழியில் சொல்வார்கள். (யோக சூத்திரத்தில் அந்தச் சொல் வரும் இடம் மூன்றாம் பாதத்தின் ஆறாவது சூத்திரம். அங்கே பேசப்படுவது ஆசனம் இல்லை, சம்யமத்தை, அதாவது தாரணை, தியானம், சமாதி மூன்றும் சேர்ந்த மன ஒருமையை, படிப்படியாகச் செலுத்துவது. இதை மறைத்துவிட்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன்.)

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவர் பெரியவர், மாத்தலாம். நீங்க?"

நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

முதல் முடிவும் அதிலிருந்த தவறும்

தலைகீழ் ஆசனங்களான சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் வரிசையிலிருந்து எடுத்தேன். கபாலபாதியை எடுத்தேன். நாடிசுத்தியில் கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதை, எடுத்தேன், ஏனென்றால் மூச்சை அடக்கி முக்கும்போதும் கண்ணழுத்தம் ஏறும். இதுவரை சரி.

சூரிய நமஸ்காரத்தை அப்படியே விட்டுவிட்டேன். அது மட்டுமல்ல, சிரசாசனம் போன ஏக்கம் தெரியாமல் இருக்கட்டும் என்று அதோமுக சுவானாசனத்தில் எட்டு மூச்சு நிற்கச் சொன்னேன். கையும் காலும் தரையில், இடுப்பு மேலே. பாதித் தலைகீழ்தானே, பாதி அழுத்தம்தான் ஏறும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

நான்காம் வாரம் அவருடைய மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். புதுப் பயிற்சியைக் குச்சி உருவங்களாக வரைந்து எடுத்துப்போயிருந்தேன். அந்த அம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுலயும் தலை கீழேதானே இருக்கு?" என்றார்.

தலை இதயத்துக்குக் கீழே போனால் கண்ணிலிருந்து வெளியேறும் சிரைகளில் அழுத்தம் கூடும்; உள்ளே ஊறும் நீர் வடிவது தடைப்படும். கால் வானத்தில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடினேன். நியூயார்க்கில் செய்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. கிளாகோமா உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு சாராரையும் நான்கு ஆசனங்களில் நிறுத்தி அளந்திருந்தார்கள்: அதோமுக சுவானாசனம், உத்தானாசனம் (நின்று முன்னால் குனிவது), ஹலாசனம், விபரீதகரணி (காலை மேலே தூக்கிப் படுப்பது). அதிகமாக ஏறியது எதில் என்றால், நான் மாற்றாகக் கொடுத்த அதோமுக சுவானாசனத்தில்.

அப்போதுதான் சூரிய நமஸ்காரத்தையும் எண்ணிப்பார்த்தேன். அவர் செய்த முறையில் ஒரு சுற்றில் நான்கு முறை தலை இதயத்துக்குக் கீழே போகிறது. 12 சுற்றுக்கு 48 முறை. சிரசாசனத்தை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லை வழியாக உள்ளே விட்டிருக்கிறேன்.

மீட்டர்

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். உட்கார்ந்த நிலையில் மட்டும் அளக்காமல் ஆசனத்தில் ஒரு முறை அளந்து காட்ட முடியுமா? சிரசாசனத்துக்கு அவர் ஒப்பவில்லை. அதோமுக சுவானாசனத்துக்கு, ஒரே ஒரு நிமிடம் என்று ஒப்புக்கொண்டார். பேனா போல ஒரு கையடக்கக் கருவி. கண்ணை மரக்கவைக்கும் சொட்டு விட்டு, அறைத் தரையில் விரிப்பைப் போட்டு, மருத்துவர் மண்டியிட்டு உட்கார்ந்து அளந்தார். வெளியே காத்திருந்தவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது 17, 18. ஆசனத்தில் 27, 29. எழுந்து உட்கார்ந்த சில நிமிடத்தில் மறுபடி 19 பக்கம் வந்துவிட்டது.

வாழ்நாள் முழுக்க மீட்டர் பார்த்த மனிதர். நான் சொன்ன சூத்திரமும் சரித்திரமும் செய்யாததை அந்த இரண்டு எண்கள் செய்தன. "லோடு ஏத்தினா மீட்டர் காட்டத்தானே செய்யும்" என்றார். அதற்குப் பிறகு சூரிய நமஸ்காரத்தை நான் எடுத்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளினிக்கில் வழக்கமாக எடுக்கும் அளவு இதைக் காட்டியே இருக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏறிய அழுத்தம் சில நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. காலையில் வீட்டில் என்ன நடந்தது என்று பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து அளந்தால் தெரியாது.

ஏழாம் வாரம்: ஜமுக்காளத்தின் தடம்

மீட்டர் பார்த்துப் பத்து நாள் ஆகியிருக்கும். காலை ஆறரை மணி வகுப்புக்கு வந்தவர் வணக்கம் சொல்லிக் குனிந்தபோது, வழுக்கைத் தலையின் உச்சியில் நூல் நூலாக ஒரு தடம் தெரிந்தது. ஜமுக்காளத்தின் நெசவு அப்படியே பதிந்திருந்தது.

"சார், காலையில சிரசாசனம் ஆச்சா?" என்றேன்.

மறைக்கவில்லை. முதல் வாரத்திலிருந்தே வாரத்தில் நான்கைந்து நாள் செய்திருக்கிறார். மீட்டர் பார்த்தபின் குறைத்து, இரண்டு நாள், மூன்று நிமிடம் என்று வைத்திருக்கிறார். வீட்டம்மாவுக்குத் தெரியும். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. பார்வை போகும் என்று தெரிந்தும், எண்ணைக் கண்ணால் பார்த்தும், ஏன்? அப்போதுதான் உறைத்தது, ஏழு வாரமாக நான் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது என்று. அந்தப் பத்து நிமிடம் அவருக்கு என்ன கொடுத்தது? சிரசாசனம் ஆசனங்களின் அரசன், மூளைக்கு ரத்த ஓட்டம், விபரீதகரணியால் ஆறு மாதத்தில் நரையும் சுருக்கமும் மறையும் என்கிறது பழைய யோக நூலான ஹடயோக பிரதீபிகை, இதெல்லாம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நரைக்க முடி வேணுமே மாஸ்டர்" என்று அவரே சிரித்திருக்கிறார். இவற்றுக்காக ஒருவர் 35 வருடம் விடாமல் நிற்க மாட்டார்.

அன்று ஆசனம் எதுவும் செய்யவில்லை. காபி போட்டு உட்கார்ந்து பேசினோம்.

வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் ஒரு புயல் இரவு. கூடவே கம்பம் ஏறிய கூட்டாளி கீழே உயிரோடு இறங்கவில்லை. லைனை ஆஃப் பண்ணிவிட்டதாகச் சொன்ன தகவலை வாங்கிச் சொன்னது இவர். விசாரணையில் இவர்மேல் தவறில்லை என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு விடிகாலை நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடும்; வந்தால் அந்த இரவுதான். "தலைகீழா நின்னா நினைப்பு நிக்குது மாஸ்டர். விழுந்துடுவோம்ங்கிற பயத்துல வேற எதுவும் ஓடாது. பத்து நிமிஷம். அதை வெச்சுத்தான் அன்னைக்குப் பொழுதை ஓட்டுறது."

நான் அவரிடமிருந்து ஓர் ஆசனத்தை எடுத்ததாக நினைத்திருந்தேன். எடுத்தது வேறு.

மாற்றிய பயிற்சி

இப்போது தேவை தெளிவாகியது. தலை மேலே இருக்க வேண்டும். கவனம் வேறெங்கும் போகாத அளவுக்கு வேலையும் கடினமாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குக் குறையக்கூடாது. நேரமும் அதே விடிகாலைதான்.

முதலில் நிற்கும் சமநிலை. குதிகாலைத் தூக்கித் தாடாசனத்தில் 12 மூச்சு. சுவரை ஒரு விரலால் தொட்டபடி விருட்சாசனம். இடது கண்ணின் கீழ்ப்பார்வை குறைந்தவர் என்பதால் சுவர் கட்டாயம், தரையில் எதுவும் கிடக்கக்கூடாது. வீரபத்ராசனத்தில் கையை மூச்சின் நீளத்துக்குத் தூக்கி இறக்குவது. முழுக் குனிதலுக்குப் பதில் நாற்காலியின் முதுகைப் பிடித்து அர்த்த உத்தானாசனம், முதுகும் தலையும் ஒரே மட்டத்தில். கையையும் முழங்காலையும் ஊன்றிச் செய்யும் சக்ரவாகாசனத்தில் தலை தொங்காமல். புஜங்காசனம், மூச்சு விடும்போது இறங்குவது. நெற்றியைத் தரையில் அழுத்துவதோ கண்மேல் துணி கட்டுவதோ இல்லை. சவாசனத்தில் தட்டையாகப் படுக்காமல் தலையும் தோளும் சரிவாக உயர்ந்திருக்கும்படி விரிப்பு. மட்டமாகப் படுப்பதைவிடத் தலை உயர்ந்திருந்தால் கண்ணழுத்தம் குறைவு.

இதெல்லாம் எந்த நல்ல ஆசிரியரும் கொடுப்பதுதான். பலன் கொடுத்தது கடைசிப் பகுதி. அவருக்குத் திருவாசகத்தின் சிவபுராணம் மனப்பாடம். அது 95 வரி. ஒவ்வொரு வரியையும் ஒரே வெளிமூச்சில் வாய்விட்டுச் சொல்வது, வரி முடிந்தபின் மூக்கால் நிதானமாக உள்ளே இழுப்பது, அடக்கக்கூடாது. முதல் 12 வரிகளைத் தாடாசனத்தில் கை அசைவோடு, மிச்சத்தை நாற்காலியில் உட்கார்ந்து. ஒரு மூச்சுக்கு ஒன்பது பத்து விநாடி என்று வைத்தால் மொத்தம் கால் மணி நேரம். நடுவில் எண்ணம் வேறெங்காவது போனால் வரி தப்பும், தப்பினால் முதலிலிருந்து. இந்தக் கடைசி நிபந்தனை அவர் போட்டது. விழுந்துவிடும் பயத்துக்குப் பதிலாக ஒன்று வேண்டுமாம்.

முதல் வாரம் ஒரு நாள்கூட முடிக்கவில்லை. 30, 40 வரியில் தப்பிவிடும். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு காலை ஏழு மணிக்கு போன் செய்து "தொண்ணூத்தஞ்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நாலு மணி முழிப்பைப் பற்றி மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். மூன்று மாதம் கழித்துப் போனார். அங்கே பேசியது என்ன என்று நான் கேட்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து

கண்ணழுத்தம் 15-க்கும் 17-க்கும் இடையில். இரண்டு முறை எடுத்த ஃபீல்ட் டெஸ்டிலும் மங்கல் பரவவில்லை. மருத்துவர் இதற்குச் சொட்டு மருந்தைக் காரணம் சொல்கிறார். அதுதான் சரி. நான் கொடுத்த ஆசனங்கள் கண்ணைக் குணப்படுத்தின என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சொன்னால் அது பொய். இந்தப் பயிற்சி செய்ததெல்லாம் தினமும் வந்துகொண்டிருந்த ஓர் ஏற்றத்தை நிறுத்தியது மட்டும்தான். அந்த ஏற்றம் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

நஷ்டமும் உண்டு. தோளும் மேல்முதுகும் பழைய பலத்தில் இல்லை. இரண்டு கிலோ கூடியிருக்கிறார். சிரசாசனத்துக்குச் சமம் இது இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறார், நானும் மறுப்பதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பழைய ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்ததாக அவரே வந்து சொன்னார். இந்த முறை தடத்தைப் பார்த்து நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் மாற்றிக்கொண்டவை

முதல் சந்திப்பில் எழுதி வாங்கும் தாளில் கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருந்தது. முதுகு, முழங்கால், ரத்த அழுத்தம், கர்ப்பம் எல்லாம் இருந்தன. இப்போது 40 வயதைத் தாண்டிய எல்லோரிடமும் கடைசியாக எப்போது கண்ணழுத்தம் பார்த்தீர்கள், வீட்டில் யாருக்காவது பார்வை போயிற்றா என்று கேட்கிறேன். பார்க்கவில்லை என்றால், பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். அதுவரை தலையை இதயத்துக்குக் கீழே கொண்டுபோகும் எதுவும் இல்லை.

ஆசனத்தின் பெயரை வைத்து விலக்குவதை விட்டுவிட்டேன். சிரசாசனம் வேண்டாம் என்றால் அந்த ஒன்றை மட்டும் எடுப்பதில் அர்த்தமில்லை. எந்த நிலையால் தொந்தரவோ அந்த நிலை முழு வரிசையிலும் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். மருத்துவரிடம் நான்காம் வாரம் போனதற்குப் பதில் முதல் வாரமே போயிருந்தால் அவர் என் பேச்சைக் கேட்டு அதோமுக சுவானாசனத்தில் நின்ற அந்த நாட்கள் இருந்திருக்காது.

அப்புறம், ஓர் ஆசனத்தை எடுக்கிற அன்று, இது உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டு, பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் முதல் பதில் புத்தகப் பதிலாக இருக்கும். இரண்டு மூன்று வகுப்பு விட்டு மறுபடி கேட்டால் வேறு பதில் வரும்.

அவர் இப்போதும் வாரம் ஒரு முறை வருகிறார். வரும்போது அந்த ஜமுக்காளத்தையும் சுருட்டி எடுத்து வருவார். சவாசனத்துக்கு என்னிடம் இருக்கும் விரிப்பு அவருக்குப் பிடிக்காது. ஜமுக்காளத்தை நான்காக மடித்துத் தலைக்கும் தோளுக்கும் அணையாக வைத்துக்கொள்கிறார்.